ஞானம்மா நீட்டிய கை

ஆசுப்பத்திரியில் டொக்டராகவும் வீட்டில் மலராகவும் இருந்து, இப்போது இரண்டு இடத்திலும் இல்லாமல் என்னோடு மட்டும் இருப்பவளுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிறது. உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவு மலரில் உன்னைக் ‘கருணைக் கடல்’ என்று போட்டார்கள். எழுதியவர் உன்னிடம் ஒருநாளும் மருந்து எடுக்காதவர் என்பது அதிலேயே தெரிந்தது. கட்டுப்போட்ட காயத்தைக் குளத்தில் நனைத்துக்கொண்டு உன் முன்னால் வந்து நின்ற எவரும் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். கடல் என்பதை மட்டும் வேண்டுமானால் வைத்திருக்கலாம்.

ஆகவே உன்னைப் பற்றி ஒருதரம் சரியாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. மற்றவர்களும் வாசிக்கட்டும். கடிதம் உனக்குத்தான்.

முதலில் செய்தி. போன மாதம் கப்பலில் வந்த மருந்துகளுக்குள் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. சி.ஆர்.பி. பார்க்கும் மருந்து. ஒரு துளி இரத்த நீரில் அதைக் கலந்து ஆட்டினால், உடம்புக்குள் எங்கேயோ நெருப்புப் பிடித்திருந்தால், பால் திரைவதுபோலத் திரைகிறது. புத்தகத்தில் வாசித்துவிட்டு “இது மட்டும் நம்மகிட்ட இருந்தா” என்று நீ பெருமூச்சு விடும்போதெல்லாம், “சவர்க்காரமே வராத ஊருக்கு இது எங்கை வரப்போகுது” என்பேன். வந்துவிட்டது, மலர். சவர்க்காரமும் வந்திருக்கிறது.

உன் இடத்துக்கு ஒரு இளம் டொக்டர் வந்திருக்கிறார். நல்ல பிள்ளை, படித்தது இன்னும் சூடாக இருக்கிறது. பெட்டியைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“இனி நீங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெள்ளையணு எண்ணத் தேவையில்லை, மிஸ்டர்” என்றார்.

“எண்ணத் தேவையில்லைத்தான் டொக்டர். ஆனால் ஆரின்ர ரத்தம் எண்டு பாக்க வேணும்” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. அதனால் நாயாற்று ஞானம்மாவின் கதையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகையில், உன்னைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டிருப்பது என் காதிலேயே விழுந்தது. நீ இருந்தபோது உனக்கு முன்னால் ஒருதரமாவது அடித்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? உனக்குக் கீழே வேலை செய்கிற புருஷன் உன்னைப் புகழ்ந்தால் சம்பள உயர்வுக்கு அடிபோடுகிறான் என்று சனம் சொல்லும் என நினைத்தேனோ என்னவோ.

டொக்டர் பிள்ளைக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். உனக்குத் தெரியாத பகுதிகளும் இதில் உண்டு. அவை காயம் கட்டுகிற இராசையா அண்ணை பிறகு என்னிடம் சொன்னவை.

சண்டையால் ஆசுப்பத்திரி இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்துக்குள் இருந்த காலம் அது. பிள்ளைகள் மரத்தடியில் படித்தார்கள்; நோயாளிகள் வகுப்பறையில் படுத்தார்கள். சிறியவர்களுக்குச் செய்த கதிரை மேசைகள் என்பதால் எங்கள் எல்லோருக்கும் முழங்கால் நாடியில் முட்டியது. எனக்கு ஆய்வுகூடமாகக் கிடைத்தது விஞ்ஞான அறை. பெயர்ப் பலகையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

உனக்கு அப்போது பெரிய எதிரி, சதையைத் தின்னும் அழுகல். மண்வெட்டி பட்ட கால், முட்கம்பி கிழித்த தொடை, மீன்முள் ஏறிய பாதம் என்று ஏதோ ஒரு சின்ன வாசலால் கிருமி உள்ளே போகும். தோலுக்கு அடியில் ஓடும். மேலே கொஞ்சம் சிவந்திருக்கும், அவ்வளவுதான். தோல் கறுத்து, எல்லோருக்கும் தெரியும்படி ஆகும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். “தோல் பொய் சொல்லும் மிஸ்டர் சிவபாலன், ரத்தம் சொல்லாது” என்பாய். வேலை நேரத்தில் நான் மிஸ்டர் சிவபாலன். மாலை வீட்டுக்குப் போய்த்தான் ‘இஞ்சேருங்க’ ஆவேன்.

இரத்தத்தைக் கேட்பதற்கு எங்களிடம் இருந்தது என்ன? ஒரு நுணுக்குக்காட்டி, கட்டம் கீறிய ஒரு எண்ணும் கண்ணாடி, யன்னலால் வரும் வெயில். சிவப்பணுக்களைக் கரைத்து வெள்ளையணுக்களை மட்டும் மிச்சம் வைக்கிற திரவம் தீர்ந்துபோனபோது, உன் தகப்பனார் தர்மபுரத்திலிருந்து சைக்கிளில் கொண்டுவந்த கள்ளு வினாகிரியில் தண்ணீரும், புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்தில் ஒரு சொட்டும் கலந்து நான் செய்தேன். அருமையாக வேலை செய்தது. ஒரே போத்தலிலிருந்து இரத்தப் பரிசோதனையும் மத்தியானச் சம்பலும் நடந்த ஆய்வுகூடம் உலகத்தில் வேறு இருந்ததா தெரியவில்லை.

மயக்க மருந்து கைப்பிடியளவுதான். ஒருவரைத் தேவையில்லாமல் வெட்டினால், தேவையான இன்னொருவரை மயக்காமல் வெட்ட வேண்டிவரும். அதனால் நீ ஒரு சட்டம் போட்டாய். ஒரு எண்ணிக்கையை நம்பாதே, மூன்று பார். ஏறிக்கொண்டே போனால் வெட்டு. இறங்கினால் மருந்தோடு பொறு. கரும்பலகையில் வெண்கட்டியால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோடு கீறுவாய். கோடு மலை ஏறுகிறதா, இறங்குகிறதா என்று மலைநாட்டில் பிறந்த நீ தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாய்.

அந்த மலைநாட்டையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவளின் மகள், கலவரத்தில் துரத்தப்பட்டுத் தர்மபுரத்துக் காட்டை வெட்டிக் குடியேறிய குடும்பத்திலிருந்து டொக்டராகி வந்தபோது, எங்கள் ஆட்களில் சிலர் வைத்தியத்துக்கு முன் உன் ஊரைத்தான் விசாரித்தார்கள். நீ நாடி பிடித்துக்கொண்டே பதில் சொல்வாய். “நாங்க வந்தது தோட்டத்துலருந்து. நீங்க வந்தது எத்தன நாள் காய்ச்சலோட?”

ஞானம்மா வந்தது ஒரு பின்னேரம். நாயாற்றிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில், மகன் மரியதாசை வைக்கோலுக்கு மேலே கிடத்திக்கொண்டு வந்தா. களப்பில் வலை வீசும்போது அவனுடைய பாதத்தில் திருக்கை முள் அடித்திருந்தது. சுடுதண்ணீரில் காலை வைத்திருக்கிறார்கள், அது சரிதான். ஆனால் மறுநாள் காய்ச்சலும் வந்து, கெண்டைக்கால் வரைக்கும் சிவந்துவிட்டது. தொட்டால் கத்தினான். தொடாவிட்டாலும் கத்தினான். காலைப் பார்த்தால் அவ்வளவு கத்துவதற்கு ஒன்றும் இல்லை. உனக்குப் பயம் தந்தது அதுதான்.

முதல் எண்ணிக்கை, நல்ல உடம்பில் இருக்க வேண்டியதன் இரண்டு மடங்கு. வழியில் பட்ட குலுக்கலும் பயமும் அப்படி ஏற்றலாம் என்றாய். பொழுது சாய முன்னர் பார்த்த இரண்டாவது அதையும் தாண்டியது. கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தபோது, இன்னும் முதிராத இளம் வெள்ளையணுக்கள் நிறையத் தெரிந்தன. உடம்பில் ஆள் போதாதபோது பயிற்சி முடியாதவர்களையும் முன்னுக்கு அனுப்பும் என்று எனக்கு விளக்கினாய். அந்த உவமை எனக்கும் தோன்றியிருந்தது. அந்தக் காலத்தில் அதை நான் சத்தமாகச் சொல்லவில்லை.

ஞானம்மாவிடம் நீ ஒளிக்கவில்லை.

“காலமை இன்னுமொருக்காப் பாப்பம் அம்மா. ஏறியிருந்தா வெட்டித் திறக்கத்தான் வேணும். திறந்தாத்தான் உள்ளுக்கு என்ன எண்டு தெரியும். கால் போனாலும் போகும்.”

“கால் போனால் அவன் எப்பிடிப் பிள்ளை கடலுக்குப் போறது?”

“உசிரு போனா எப்பிடிப் போவான்?” என்றாய் நீ. கருணைக் கடல்.

நீ அங்கிருந்து நகர்ந்ததும், ஞானம்மா காயக்கட்டுக்காரர் இராசையா அண்ணையைப் பிடித்திருக்கிறா. ஆசுப்பத்திரியில் எதையும் சுருக்கிச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

“என்னத்தை ராசா ஏறுதெண்டு பாக்கினம்?”

“ரத்தத்தில வெள்ளை.”

“ஏறாட்டில்?”

“ஏறாட்டில் வெட்டில்லை.”

அவருடைய வாழ்க்கையிலேயே மிகச் சரியாகச் சொன்ன மருத்துவ விளக்கம் அதுவாகத்தான் இருக்கும். அதுதான் வினையாகியது.

விடிந்ததும் வழமைபோல இராசையா அண்ணை நோயாளிகள் படுத்திருந்த விடுதியைச் சுற்றி வந்தார். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை என்னுடைய வினாகிரிக் குப்பிக்குள்ளும் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டிலும் எடுத்து, மரியதாஸ் என்று பெயரொட்டிக் கொண்டுவந்து தந்தார். நான் எண்ணினேன். நம்பாமல் திரும்பவும் எண்ணினேன். எண்ணிக்கை நல்ல மனிசருடைய எண்ணிக்கை. இளசுகள் ஒன்றுகூட இல்லை. உனக்கு ஒரு நல்ல செய்தி கொண்டு போகக் கிடைத்ததே என்ற சந்தோசத்தில் வேலை நேரத்து மரியாதையை மறந்துவிட்டேன்.

“மலர், இறங்கிட்டுது!”

“எவ்வளவு, மிஸ்டர் சிவபாலன்?”

சொன்னேன். பக்கத்தில் நின்ற தாதிப்பிள்ளை கைகளைக் கூப்பினா. நீ சிரிக்கவில்லை.

“இளசுகள்?”

“ஒண்டுமில்லை.”

“வேற?”

“மலேரியா கிடக்கு. அது ஆரிட்டை இல்லை?”

நீ கரும்பலகையைப் பார்த்தாய். பிறகு உன் வாயில் மலைநாடு வந்தது. கோபம் வந்தால் அது முழுதாக வந்துவிடும்.

“நேத்து அந்தியில அவ்வளவு பேரு நின்னாங்க. ஒரு ராத்திரியில எங்க போயிட்டாங்க? நேத்து மலேரியா பாத்தீங்களா?”

“ரெண்டு தரமும் பாத்தனான். இருக்கேல்லை.”

“ராத்திரி கொசு கடிச்சா விடியக்காலைல தகட்டுல வந்து நிக்குமா? பத்துப் பதினஞ்சு நாளாவது ஆகாதா? இது அவன் ரத்தமே இல்லீங்க.”

மலர், இந்த இடத்தை நான் டொக்டர் பிள்ளைக்கு இரண்டு தரம் சொன்னேன். கெட்ட செய்தியை எந்த டொக்டரும் நம்புவார். அன்று உன் கையிலிருந்தது நல்ல செய்தி. அதுவும் நீயே போட்ட சட்டத்தின்படி வந்த நல்ல செய்தி. மயக்க மருந்து மிச்சம், தாய்க்கு நிம்மதி, உனக்கு ஒரு மணித்தியாலம் ஓய்வு. பொறுத்திருந்து அவன் செத்திருந்தாலும், சட்டப்படிதான் நடந்தது என்று எவரும் உன்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. நல்ல செய்திக்குப் பஞ்சம் பிடித்த அந்த ஊரில், கையில் கிடைத்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

நீ விடுதிக்கு நடந்தாய். நான் பின்னால் ஓடினேன்.

“இராசையா அண்ணை, இந்த ரத்தம் ஆர்ட கையில எடுத்தது?”

“என்ன டொக்டர் இப்பிடிக் கேக்கிறியள்? மரியதாசின்ர கையிலதான். போர்வைக்குள்ளால நீட்டினவன்.”

“முகத்தைப் பாத்தீங்களோ?”

“நான் ரத்தம் எடுக்கிறது விரலில. முகத்தில என்ன அலுவல்?”

மரியதாஸ் அமைதியாகக் கிடந்தான். ஞானம்மா அவனுடைய தலைமாட்டில் இருந்தா. “நோ நிண்டிட்டுது பிள்ளை. விடியத் தொடக்கம் கத்தேல்லை. மாதா காப்பாத்திப்போட்டா” என்றா. நீ ஊசி நுனியால் அவனுடைய காலைத் தொட்டாய். பிறகு அழுத்தினாய். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். நோவு நின்றது கால் குணமாகியதால் அல்ல, உள்ளே நரம்பு செத்ததால் என்று அந்த அறையில் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

நீ ஞானம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினாய். காப்பு இல்லை; கழற்றி மடியில் முடிந்திருந்தா. விரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி.

“ஏன் அம்மா?”

அவ மறைக்கவில்லை. வெட்கப்படவுமில்லை.

“ரெண்டு தரம் எடுத்தியள். ரெண்டு தரமும் அவனுக்குக் கூடினது. எடுக்க எடுக்க வத்தாதோ? என்ர ரத்தம்தானே அவன்ர உடம்பில ஓடுது. என்ர கையில எடுத்தால் என்ன, அவன்ர கையில எடுத்தால் என்ன? நானே பெத்தனான்.”

இராசையா அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டார். உன் சீற்றத்துக்காக விடுதியே காத்திருந்தது. நீ கத்தவில்லை. “எழும்பி என்னோட வாங்கோ” என்றாய், அவ்வளவுதான். தாதிப்பிள்ளையிடம் கத்திகளை அவிக்கச் சொல்லிவிட்டு, ஞானம்மாவை விஞ்ஞான அறைக்குக் கூட்டிவந்தாய். பள்ளிக்கூட வாங்கை இழுத்துப் போட்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருத்தினாய்.

முதலில் அன்று காலைத் தகடு. “இது நீங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கோ. ஊதா நிறத்தில ஏதும் தெரியுதோ?”

“ஒண்டு… அங்காலை இன்னொண்டு நிக்குது.”

பிறகு முதல்நாள் அந்தித் தகடு. “இது உங்கட மகன்.”

ஞானம்மா நெடுநேரம் பார்த்தா. நான் தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தேன். எங்கே நகர்த்தினாலும் ஊதாப் புள்ளிகள்.

“சூடை மீன் மாதிரிக் கூட்டமா நிக்குது பிள்ளை.”

“ஓம்.”

“சூடை சும்மா இப்பிடி அடையாது.” தலையை நிமிர்த்தாமலே சொன்னா. “கீழ பெரிசு ஏதோ நிண்டு கலைக்குது.”

“அதைத்தான் வெட்டித் திறந்து வெளியில எடுக்கப்போறன். இப்பவே.”

அவ எழுந்தா. மடியிலிருந்த காப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, என்ன நினைத்தாவோ, திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டா. “காலை மிச்சம் விடேலுமெண்டால் விடுங்கோ. ஏலாட்டில் ஆளையாவது விடுங்கோ” என்றா.

நீ திறந்தபோது உள்ளே பாத்திரம் கழுவிய தண்ணீர்போல வடிந்தது. சாம்பல் நிறமாய்ச் செத்திருந்ததையெல்லாம், இரத்தம் கசியும் நல்ல சதை வரும் மட்டும், ஓரம் ஓரமாக வெட்டி எடுத்தாய். யன்னல் வெயிலைக் கண்ணாடியால் திருப்பி உன் கைக்குக் காட்டிக்கொண்டு நின்றவன் நான். மறுநாளும் திறந்தாய்; அதற்கடுத்த நாளும் திறந்தாய். அன்றிலிருந்து அவனுடைய இரத்தத்தை நீயே எடுத்தாய். எண்ணிக்கை இறங்கத் தொடங்கிய அன்று, அது அவனுடைய எண்ணிக்கைதானா என்று என்னிடம் மூன்று தரம் கேட்டாய். பாதத்தில் இரண்டு விரலும் கெண்டையில் பாதிச் சதையும் போயின. கால் நின்றது. ஆளும் நின்றான். பிறகு சாய்ந்து சாய்ந்து நடந்து, களப்புக்கும் திரும்பிப் போனான்.

ஞானம்மாவுக்கு மலேரியாக் குளிசை கொடுத்தாய். கசப்பைத் துப்பிவிட்டு அவ சொன்னதை விடுதி நெடுநாள் சொல்லிச் சிரித்தது: “மகனுக்கு வருத்தம் எண்டு வந்தன். எனக்குமெல்லோ ஒண்டு தேடிப்பிடிச்சுத் தந்திட்டாள்!”

நீ இராசையா அண்ணையைத் தண்டிக்கவில்லை. மாறாக, நோயாளிக்கு இரத்தம் எடுக்கும்போது பெயரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, பக்கத்தில் துணைக்கு இருக்கிறவரிடமும் ஒரு சொட்டு எடுக்க வேண்டும் என்று வைத்தாய். தாய்மாருக்கு அது பிடித்துக்கொண்டது. பிள்ளைக்காகத் தங்களிடமும் எடுக்கிறார்கள் என்று கையை முதலே நீட்டினார்கள். அந்தக் கைகளிலிருந்து எத்தனை மலேரியா பிடித்தோம்! காய்ச்சலோடு சமைத்து, காய்ச்சலோடு பிள்ளை பார்த்து, தங்களுக்கு வருத்தம் என்று சொல்ல நேரமில்லாமல் இருந்தவர்கள். மேலிடத்திலிருந்து, நோயாளிகளின் தொகையைவிடக் கண்ணாடித் தகடு கூடுதலாகச் செலவானது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நீ ஒரே வரியில் பதில் போட்டாய்: ‘எங்கள் நோயாளிகள் தாய்மாரோடு வருகிறார்கள்.’ அதற்குப் பிறகு மேலிடம் ஒன்றும் கேட்கவில்லை. விளங்கியதா, பயந்ததா தெரியாது.

இதுதான் நீ. இதை நினைவு மலரில் போட இடமிருக்கவில்லையாம். கடலுக்கு நிறைய இடம் போய்விட்டது.

உன் இதயம் மட்டும் எனக்கு ஒரு அறிகுறியும் காட்டவில்லை. காலையில் தேத்தண்ணீர் குடித்தாய், விடுதிக்குப் போனாய், கதிரையில் இருந்தபடியே முடிந்துவிட்டாய். அடுத்தவர்களுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று அவர்களுடைய இரத்தத்தில் பார்த்துக்கொண்டிருந்த நாம் இருவரும், நம்முடையதை ஒருநாளாவது பார்த்தோமா? பார்த்திருந்தாலும் அதில் எழுதியிருக்குமா? இதை நான் யாரிடம் கேட்பது?

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். துணுக்காயிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறா, வயலில் மண்வெட்டி பட்ட கால். இரண்டு நாள் பயமாகத்தான் இருந்தது. நேற்றுக் காலை, புதிய மருந்து திரையவில்லை. வெள்ளையணுவும் இறங்கியிருந்தது. டொக்டர் பிள்ளை சந்தோசமாகப் பேனையைத் திறந்தார். நான் எழுந்து விடுதிக்கு நடந்தேன்.

“எங்கை மிஸ்டர் போறியள்?”

“ஆள் ஆரெண்டு பாக்க.”

அந்தப் பெண்ணிடம் பெயரைக் கேட்டேன். விரலைப் பார்த்தேன். பாதத்தைத் தொட்டேன். “ஐயோ, நோகுது! விடுங்கோ!” என்று காலை உதறினா, கிட்டத்தட்ட என் மூக்கில் பட்டிருக்கும். அவ்வளவு நல்ல உதை நான் வாழ்நாளில் வாங்கவில்லை. திரும்பி வந்து, “அவவின்ர ரத்தம்தான் டொக்டர்” என்றேன்.

“நல்ல முடிவு வந்தால் ஒவ்வொருக்காலும் இப்பிடிப் போய்ப் பாப்பியளோ?”

“நல்ல முடிவு வந்தால்தான் போறது.”

இன்று காலை அவர் எனக்கு முன்னால் போய்விட்டார், மலர். நான் எழும்ப முன்னரே விடுதியில் நின்று யாரிடமோ பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கண் தெரியும் மட்டும் எண்ணுவேன். கண் போனால், கால் உள்ள மட்டும் நடந்துபோய், அது யாருடைய கை என்று கேட்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. இனி உன்னைப் புகழ எனக்கு வெட்கமில்லை. கேட்கிறவர்கள் களைத்தாலும் நிறுத்தமாட்டேன். இதுவும் வாக்குத்தான்.

உன்னை மணந்ததில் மட்டும் ஒருநாளும் பிழைவிடாத,
உன் புருஷன்,
சிவபாலன்